உழைப்பே சந்தா

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை 2004 முதல் பெரும்பாலும் தன்னார்வலர்களே வரைந்து வருகிறார்கள். தெருமுனைக் கைபம்பு, ஒற்றையடிப் பாதை, பேருந்து நிறுத்தம் என ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வேலை முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து குறிக்கிறார். அவர்களில் பலர் எந்தக் குழுவிலும் இல்லாதவர்கள்.

இந்த வரைபடத்துக்கென ஓர் அறக்கட்டளை இருக்கிறது. அதன் பணத்தை எதற்குச் செலவிடுவது, அது எந்தத் திசையில் போவது என்று முடிவெடுப்பது அதன் நிர்வாகக் குழு. அந்தக் குழுவுக்கு ஓட்டுப் போட உறுப்பினராக இருக்க வேண்டும். அதற்குச் சந்தா ஆண்டுக்கு 15 பவுண்டு. இரவெல்லாம் வரைந்தவர் வெளியே, சந்தா கட்டியவர் உள்ளே என்றாகிவிடும் அல்லவா? அதற்கு அறக்கட்டளை ஒரு வழி கண்டது. கடந்த ஓராண்டில் 42 நாளாவது வரைபடத்தில் வேலை செய்திருந்தால், சந்தா இல்லாமலே உறுப்பினராகலாம். நிகழ்ச்சி நடத்துவது, மொழிபெயர்ப்பது போன்ற வேறு வகையில் உதவியவர்களும் விண்ணப்பிக்கலாம்.

நம் சங்கங்களில் நடப்பது என்ன? பந்தி பரிமாற எல்லோரையும் கூப்பிடுகிறோம். என்ன சமைப்பது என்று நாலு பேர் மட்டும் பேசி முடிக்கிறோம். பிறகு ‘ஆள் வருவதில்லை’ என்று அலுத்துக்கொள்கிறோம். முடிவு எடுத்த பிறகு கருத்துக் கேட்பது வெறும் மரியாதை. முடிவெடுக்கும் முன்பே ஓட்டுக் கொடுப்பதுதான் உரிமை. பதவியும் பட்டியலும் பார்க்காமல், உழைத்த கைக்கு அந்த உரிமையைக் கொடுங்கள்.