கஞ்சியை எப்போது நிறுத்துவது?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வயிற்றுவலிக்கு முதல் வைத்தியம் கஞ்சிதான். பெருங்குடல் சுவரில் புடைத்திருக்கும் சிறு பைகள் அழற்சி கண்டு வலிக்கும் டைவர்டிகுலைட்டிஸ் நோய்க்கும் முதல் சில நாள்கள் அது பொருத்தமான உணவே. வீங்கிய குடலுக்கு ஓய்வு தேவை. முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு குழைந்த சோறு என்றுதான் மருத்துவர்களும் தொடங்குகிறார்கள். வலி அடங்கிய பிறகும் அந்தப் பத்தியத்தை ஆயுள் முழுக்க நீட்டிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கொய்யா விதையும் கடலையும் பைக்குள் போய் அடைத்துக்கொள்ளும் என்று அஞ்சி, வெள்ளைச் சோறும் ரசமுமாகவே காலம் தள்ளுகிறவர், மறுபடி வலி வராமல் காக்கக்கூடிய உணவையே ஒதுக்கிவிடுகிறார்.

அந்த விதைப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வில், கடலை வகைகளையும் சோளப்பொரியையும் அதிகம் தின்றவர்களுக்கு இந்த அழற்சி குறைவாகவே வந்திருந்தது. நார்ச்சத்து மிகுதியாக உண்பவர்கள் இந்நோயால் மருத்துவமனைக்குப் போவது குறைவு என்று 2011-இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் நார்ச்சத்து பைகள் உருவாவதைத் தடுப்பதில்லை என்று 2012-இல் இன்னோர் ஆய்வு சொன்னதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பை இருப்பது வேறு, அது அழற்சி காண்பது வேறு. பை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அழற்சி வருவதே இல்லை. நமக்கு வேண்டியது இருக்கிற பை வீங்காமல் இருப்பது.

பால்மரம் சீவிய தலைமுறையும் வெள்ளையரிசிதானே தின்றது, அவர்களுக்கு இந்த நோய் வந்ததா என்பது வலுவான கேள்வி. வந்திருந்தாலும் தெரிந்திருக்காது, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் கையில் ஸ்கேன் இல்லை. மேலும், ஆசியர்களுக்கு இந்தப் பைகள் பெரும்பாலும் வலப்பக்கக் குடலில் வருவதால், வலி குடல்வால் நோய்போலவே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் மேடு பள்ளமாய் நடந்தே உழைத்தவர்கள் அவர்கள். லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் இருந்தன. நீலாய், சிரம்பான் பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அடுக்குமாடிக்குப் போனவர்களிடம் நடையும் இல்லை, கொல்லையும் இல்லை; சோறு மட்டும் மாறவில்லை. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் பாதிப்பேர் எடை மிகுந்தவர்கள்; நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் போதிய காய்கனி உண்பதில்லை. உடல் எடை கூடுவதும் இந்த அழற்சிக்கு ஒரு காரணம்.

காய்கறி விலைக்கு எங்கே போவது என்பார்கள். கங்கோங், பயற்றங்காய், பருப்பு, முருங்கைக்கீரை போதும். சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ (கால், கால், அரை) தட்டில் காய்கனிக்கான பாதியை இவற்றில் உள்ள காயாலும் கீரையாலும் நிரப்பலாம். ஆனால் நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டக்கூடாது. வயிறு உப்பும்; பலரும் இந்தக் கட்டத்தில்தான் கைவிடுகிறார்கள். சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும்; சிகரெட்டை விட வேண்டும். செம்பனைக் குலை வெட்டி நொந்த இடுப்புக்கு வழக்கமாக விழுங்கும் பொன்ஸ்தான் போன்ற வலி மாத்திரைகள் இந்நோயின் ஆபத்தைக் கூட்டும் வகையைச் சேர்ந்தவை. மாற்று மருந்து எது என்று மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சலோடு வலி ஏறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ கஞ்சி வைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.