ஏவாத படையின் அறம்

ஆற்றல் உடையவன் அதனைப் பயன்படுத்தாது அடக்கி வைத்திருத்தல் அறமாகுமா, அன்றி அது செயலின்மையின் மறுபெயரா என்னும் வினா ஒழுக்கவியலில் மிகப் பழையது. வெறும் பொழுதுபோக்கெனக் கருதப்படும் ஒரு விளையாட்டும் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது. நெப்போலியன் காலப் போர்களை ஈய உருவங்களைக் கொண்டு மேசைமீது நிகழ்த்தும் போர் விளையாட்டே அது. அதில் தற்காத்து நிற்பவர் தமது குதிரைப்படையை எவ்வாறு கையாள்வது என்னும் நுட்பச் சிக்கல், ஊன்றி நோக்குமிடத்து, ஓர் ஒழுக்கச் சிக்கலாகவே விரிகின்றது.

இவ்விளையாட்டில் ஒவ்வோர் உருவமும் போர்வீரர் பலரைக் குறிக்கும். நகர்வு அளவுகோலாலும், மோதலின் விளைவு பெரும்பாலும் பகடையாலும் தீர்மானிக்கப்படும். தற்காப்பில் குதிரைப்படைக்குரிய பணிகளுள் மூன்று முதன்மையானவை. எதிரி பாய்ந்து வரும்போது நின்று ஏற்காது எதிர்ப்பாய்ச்சல் நிகழ்த்துவது ஒன்று. பின்வாங்கும் காலாட்படைக்குக் காப்பாக நிற்பது மற்றொன்று. மூன்றாவது, தாக்காமலே அச்சுறுத்துவது. அண்மையில் குதிரைப்படை நிற்பதைக் காணும் எதிரிக் காலாட்படை சதுர வியூகம் வகுக்க நேரிடும். சதுரமோ விரைந்து நகராது. அதன் துப்பாக்கிகளுள் ஒரு பகுதியே ஒரு திசையை நோக்கும். பீரங்கிக்கும் அது எளிய இலக்காகும். எனவே ஒரு வாளும் உருவப்படாமலே எதிரியின் முன்னேற்றம் தளர்ந்துவிடும்.

இம்மூன்றனுள் இறுதியானதே பயிலுதற்கு அரியது. புதிதாக ஆடுவோர் முதற் சில சுற்றுக்களிலேயே குதிரைப்படையை ஏவிவிடுவர். ஏவிய குதிரைப்படை வென்றாலும் களைத்து அணி குலையும். விதிமுறைகள் பலவற்றில், வென்ற படை தலைவனின் கட்டளையையும் மீறி எதிரியைத் துரத்திச் செல்லும் அபாயமும் உண்டு. அவ்வாறு சென்ற படை வேண்டியபொழுது திரும்பக் கிடைப்பதில்லை.

இவ்விதி வெறுங் கற்பனையன்று. 1815 யூன் 18இல் வாட்டர்லூக் களத்தில், வெலிங்டனின் குதிரைப்படைத் தலைவரான அக்ஸ்பிரிட்ஜ் பிரபு, பிரெஞ்சுக் காலாட்படை மையத்தை நெருக்கியபொழுது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கனரகக் குதிரைவீரரை ஏவினார். அப்பாய்ச்சல் மையத்தைக் காத்தது. ஆயின் வென்றோரிற் பலர் நிற்க அறியாது பிரெஞ்சுப் பீரங்கி வரிசைவரை சென்றனர். ஈட்டி தாங்கிய பிரெஞ்சுக் குதிரைவீரரின் எதிர்த்தாக்குதலில் அவர்கள் பேரழிவுற்றனர். படைப்பிரிவுத் தலைவர்களுள் ஒருவரான பொன்சன்பியும் உயிரிழந்தார். முன்னணியிற் பாய்ந்த அக்ஸ்பிரிட்ஜ், தாமே தாக்குதலை நடத்தச் சென்றது பெருந் தவறென்று பின்னர் ஒப்புக்கொண்டார். பின்னணியில் நின்று இரண்டாம் வரிசையை ஆளவேண்டியவர் அவரே.

அதே களத்தின் இடப்பக்கத்தில் நின்ற விவியனின் இலகுரகக் குதிரைப்படையின் செயல் வேறுவகையானது. பிரசியப் படை வந்துசேர்ந்ததும் அது மையத்துக்கு நகர்ந்து, தளர்ந்துபோயிருந்த காலாட்படையின் பின்னே மாலைவரை நின்றது. பேரரசுக் காவற்படை முறிந்த பின்னரே அது ஏவப்பட்டது. அதுவரை அது ஆற்றிய பணி, குண்டுமழையில் அசையாது நின்றது ஒன்றே. துணிவு என்பது அச்சத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் இடைப்பட்டது என்ற அரிஸ்ரோட்டிலின் கொள்கைக்கு இந்நிலை தக்க சான்றெனலாம்.

ஆயின் இவ்விடத்து முடிவு கூறிவிடுதல் அவசரமாகும். காலாட்படையின் பின்னே நின்ற குதிரைகள் முன்னின்றோர்க்கு ஊக்கமாக மட்டும் இருக்கவில்லை. அவர்கள் பின்வாங்கும் வழியை அடைத்த வேலியாகவும் இருந்தன. ஓட எண்ணியவன் ஓட இயலாது நின்றான். மேசைமீது எதிரியைச் சதுரத்துள் ஒடுங்கச் செய்வதும் இவ்வாறானதே. குதிரைப்படை அசையவில்லை, ஆயின் அதன் நிழலில் ஒடுங்கியோர் மீது பீரங்கிக் குண்டுகள் விழுகின்றன. ஏவாத படையும் செயற்படுகின்றது. எனவே, பயன்படுத்தப்படாத ஆற்றல் குற்றமற்றது என்னும் கருத்து நிலைபெறாது. அச்சுறுத்தலும் ஆற்றலின் பயன்பாடே. “நான் ஒன்றும் செய்யவில்லையே” என்று அதன் உரிமையாளன் கைகழுவ இயலாது.

ஈய உருவங்கள் துன்புறுவதில்லையே, இதில் அறம் எங்கே என்று வினவலாம். 1812இல் பிரசிய மன்னருக்குப் போர் விளையாட்டொன்றை அளித்தவர் ரைஸ்விட்ஸ். அவருடைய மகன் அதனை வரைபடத்தின்மீது ஆடும் முறையாகத் திருத்தியமைத்தார். 1824இல் அதனைக் கண்டு படையினர்க்குரிய பயிற்சியெனப் பரிந்துரைத்த தளபதி மஃப்ளிங், வாட்டர்லூவில் வெலிங்டனிடத்துப் பிரசியத் தொடர்பதிகாரியாக இருந்தவர். மறுபுறம், 1913இல் பொம்மை வீரரைக் கொண்டாடும் விளையாட்டுக்கு விதிநூல் எழுதிய எச். ஜி. வெல்ஸ், மெய்ப்போரின் மடமையை உணர்த்துவதே இதன் பயனென்று கருதினார். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. ஒரே விளையாட்டு ஒருவர் கையில் போருக்குப் பயிற்சியாகவும், மற்றொருவர் கையில் போருக்கு மறுப்பாகவும் அமைந்தது. ஆகவே அறம் உருவங்களிடத்து இல்லை; அவற்றை நகர்த்துவோன் எதனைப் பழகிக்கொள்கிறான் என்பதிலேயே உள்ளது.

மனிதனை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்றார் கான்ற். மேசையில் யாவும் கருவிகளே. அதனாலேயே அங்குக் கணக்கிடுதல் எளிது. படைப்பிரிவொன்றைப் பலியிட்டுப் பத்து நிமிடம் பெறுவதை ஆட்டக்காரன் தயக்கமின்றிச் செய்வான். அவ்வெளிமை மேசையை விட்டு அவனுடன் எழுந்து வருமாயின் விளையாட்டு தீங்காகும். மாறாக, பாயத் துடிக்கும் கையைத் தடுக்கவும், தடுத்த பின்னரும் தான் நிறுத்தியிருக்கும் படை யாரை ஒடுக்குகின்றது என்று வினவவும் அது கற்பிக்குமாயின், அது சிறந்த ஒழுக்கப் பயிற்சியாகும்.

அடக்கம் அறத்தின் தொடக்கமே, முடிவன்று. ஏவியவன் தன் செயலுக்கு விடை கூறக் கடமைப்பட்டவன். ஏவாது நிறுத்தியவனும் அக்கடமையினின்று விடுபடுவதில்லை.