முட்டுக்கட்டை

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவுக்கும், எதிரே இருக்கும் காட்டினோ நகரத்துக்கும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. ஒட்டாவா ஒண்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்தது. காட்டினோ கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்தது. பாலத்தைக் காரில் கடக்கச் சில நிமிஷங்கள் போதும். அங்கே பெய்கிற பனி, இது இந்தக் கரை, அது அந்தக் கரை என்று பார்த்துப் பெய்வதில்லை. சட்டம்தான் கரை பார்க்கிறது.

கியூபெக்கில் பதிவான கார் எதுவும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் ஓடக் கூடாது. 2008இல் வந்த சட்டம் இது. டிசம்பர் 15 என்று இருந்த தொடக்க நாளை 2019இல் முன்னே தள்ளிவைத்தார்கள். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். ஒட்டாவாவிலோ அத்தகைய கட்டாயம் ஏதும் இல்லை. பனிக்கால டயர் போடுகிறவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை தரவேண்டும் என்று 2016 முதல் கம்பெனிகளுக்கு விதித்திருக்கிறார்கள். ஒரு கரையில் பிரம்பு. மறு கரையில் மிட்டாய்.

இதனால் ஒரு வேடிக்கை நேர்கிறது. ஒரே பாலத்தில், ஒரே பனியில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார்கள் போகின்றன. முன்னால் போகிறவர் பனிக்கால டயர் போட்டே ஆகவேண்டும். பின்னால் வருகிறவருக்கு அது அவரவர் விருப்பம். இருவருக்கும் உள்ள வித்தியாசம் எண் பலகை ஒன்றுதான். அப்படியானால், கடமை என்பது எண் பலகையைப் பார்த்து மாறுகிற பொருளா?

ஒட்டாவாவில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் ஒருநாள் இந்தக் கேள்வியைப் போட்டேன். அவன் வைத்திருப்பது பின்சக்கரங்களால் ஓடும் பழைய கார். அந்த வகைக் காரில் எஞ்சினின் கனம் முன்னே இருக்கிறது. வண்டியைத் தள்ளுகிற வேலை பின்னே நடக்கிறது. மேலே போதிய கனம் அழுத்தாத சக்கரம் பனியில் பிடிப்பில்லாமல் வெறுமனே சுழலும். முன்பெல்லாம் இதற்காகவே டிக்கியில் மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு போவார்களாம். இவன் மணல் மூட்டைக்குப் பதிலாக இரண்டே இரண்டு பனிக்கால டயர்கள் வாங்கிப் பின்சக்கரங்களில் மாட்டியிருந்தான்.

"தள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிப்பு இருந்தால் போதும், சித்தப்பா. இப்போது வண்டி எங்கேயும் சிக்குவதில்லை. இந்த ஊரில் சட்டமும் கேட்கவில்லையே!" என்றான்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் வண்டி புறப்படுகிற வரைக்கும்தான்.

வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடுகிறது. பனிக்கால டயர் குளிரிலும் இளக்கம் கெடாதபடி செய்யப்பட்டது; அதன்மேல் உள்ள நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்விக்கொள்ளும். ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகளின் பிடிப்பில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பு ஓடுகிறது. பிரேக்கை மிதித்தவுடன் வண்டியின் கனம் முன்பக்கம் சாய்கிறது. ஆகவே வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. வண்டியைத் திருப்புவதும் அவைதான். பின்னால் மட்டும் நல்ல டயரைப் போட்டுக்கொண்டவன், புறப்படுகிற பலத்தை வாங்கிவிட்டான். நிற்கிற பலத்தையும் திரும்புகிற பலத்தையும் கடையிலேயே விட்டுவிட்டு வந்தான். கனடாவின் போக்குவரத்துத் துறையும் நான்கு சக்கரங்களிலும் போடும்படிதான் சொல்கிறது. புதிய கார்களில் சறுக்கலைச் சமாளிக்கும் கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. இருக்கிற பிடிப்பை அவை சாமர்த்தியமாகச் செலவழிக்கும். இல்லாத பிடிப்பை உண்டாக்க அவற்றால் முடியாது.

இதில் என்னை யோசிக்கவைப்பது ஒன்று உண்டு. வண்டி புறப்படுவதால் லாபம் யாருக்கு? உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு. வண்டி நிற்பதால் லாபம் யாருக்கு? அவனுக்கும் உண்டு, ஆனால் தெருவைக் கடக்கிற பள்ளிப் பிள்ளைக்கும், முன்னால் நிற்கிற வண்டிக்காரருக்கும் அதைவிட அதிகமாக உண்டு. ஓட்டுகிறவன் ஆபத்தைத் தெரிந்து ஏற்றுக்கொள்கிறான். தெருவைக் கடக்கிறவரை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதனால்தான் தனக்காகப் போடவேண்டிய இரண்டு டயர்களுக்குப் பணம் சுலபமாகக் கிடைக்கிறது. பிறருக்காகவும் போடவேண்டிய இரண்டு டயர்களுக்குக் கை இழுத்துக்கொள்கிறது.

"கையில் இருந்த பணம் இரண்டுக்குத்தான் வந்தது" என்றும் அவன் சொன்னான். அதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். வாடகை கொடுத்து, ஊருக்கும் பணம் அனுப்புகிறவனுக்கு நான்கு டயர் என்பது சின்னச் செலவல்ல. உபதேசம் செய்கிறவனுக்கு அதில் ஒரு காசும் செலவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பணம் இல்லாதவனுக்கும் கடமையைச் செய்ய வழி இருக்கிறது. நிற்கிற பலத்தை வாங்க முடியாதவன், போகிற ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பனி கடுமையாக விழுகிற நாளில் பஸ்ஸில் போகலாம். கார் எடுத்தே தீரவேண்டுமானால் மெல்லப் போகலாம். முன்னால் போகிற வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே நிறைய இடம் விடலாம். இதற்கெல்லாம் காசு வேண்டாம். பத்து நிமிஷம் முன்னதாக எழுந்தால் போதும்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்லவன் மட்டும் செலவு செய்ய, மற்றவன் சிரித்துக்கொண்டு போவதைச் சட்டம் தடுக்கிறது. அந்த அளவில் கியூபெக்காரர்கள் செய்தது சரி. ஆனால் சட்டத்துக்குத் தெரிந்தது காலண்டர் மட்டுமே. மார்ச் 15க்குப் பிறகும் அந்த ஊர்களில் பனி விழுகிறது; டிசம்பருக்கு முன்பும் விழுகிறது. அந்த நாட்களில் எந்தப் போலீஸ்காரரும் டயரைக் குனிந்து பார்க்கப் போவதில்லை. அப்போது குனிந்து பார்க்கவேண்டியவன் வண்டிக்குச் சொந்தக்காரன்தான்.

போவதைக் கொண்டாடி நிற்பதை மறக்கிற இந்தச் சுபாவம் பனி பெய்கிற நாட்டாருக்கு மட்டும் உரியதல்ல. நம் ஊர்த் தேரோட்டத்தைப் பாருங்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருகிறார்கள். அது புண்ணியம் என்கிறோம். சக்கரத்தின் அருகிலேயே நடந்து, சமயம் பார்த்துக் கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்புகிறவர்களும் நிறுத்துகிறவர்களும் சில பேர்தான். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். ஆனால் நாம் அதற்குச் செய்த மரியாதை என்ன? 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று அதை ஒரு வசவாகவே ஆக்கிவைத்திருக்கிறோம்.

புறப்படுமுன், நிற்பதற்கு வழி இருக்கிறதா என்று பார்க்கிறவனைப் பயந்தவன் என்று கேலி செய்வதும் அதே வழக்கத்தில் வந்ததுதான். அதை நாம் விட்டுவிடலாம். முகம் தெரியாத ஒருவருக்காக அவன் தன் பணத்திலோ நேரத்திலோ கொஞ்சம் செலவு செய்திருக்கிறான். அந்த ஒருவருக்கு அது கடைசிவரை தெரியப் போவதும் இல்லை.