மறைந்தவரும் மறைக்கப்பட்டவரும்

1944 டிசம்பர் 24. பெல்ஜியம் நாட்டிலே பாஸ்டோன் நகரம். எங்கும் பனி, பனியின் மீது குருதி. நகரைச் சூழ்ந்து ஜெர்மன் படை. நடுவிலே அகப்பட்டுக்கொண்ட அமெரிக்கப் படை. மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது, கட்டுத்துணி போதவில்லை, காயம்பட்டோரை வெளியே கொண்டுசெல்ல வழியே இல்லை. கடைக் கட்டடம் ஒன்றை மருத்துவ நிலையமாக்கிக்கொண்டு, ஜான் பிரையர் என்ற படை மருத்துவர் பாடுபடுகிறார். அவருக்குத் துணை நிற்போர் இரு பெண்கள். இருவரும் செவிலியர், இருவரும் எவரும் ஏவாமல் தாமே வந்தவர்கள். ஒருவர் ரெனே லெமேர். மற்றொருவர் அகஸ்டா ஷீவி. முன்னவர் வெள்ளை நிறத்தவர். பின்னவர், பெல்ஜியத் தந்தைக்கும் காங்கோத் தாய்க்கும் ஆப்பிரிக்க மண்ணிலே பிறந்தவர், கறுப்பு நிறத்தவர். கிறிஸ்துமஸ் விழாவுக்குத் தந்தை வீடு வந்த இடத்திலே முற்றுகையில் அகப்பட்டுக்கொண்டவர்.

அன்றிரவு அந்தக் கட்டடத்தின் மீது குண்டு விழுந்தது. படுத்துக் கிடந்த காயக்காரர்கள் ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். ரெனேயும் மாண்டார். பக்கத்துக் கட்டடத்திலிருந்த அகஸ்டா, சுவர் இடிய வெளியே தூக்கி எறியப்பட்டார், பிழைத்து எழுந்தார், மீண்டும் பணிக்குத் திரும்பினார். ரெனேயின் உடலை, வானிலிருந்து இறங்கிய பாராசூட்டுப் பட்டிலே சுற்றி அவருடைய பெற்றோரிடம் ஒப்படைத்தார் மருத்துவர்.

இது வரலாறு. இனி நாடகத்துக்கு வருவோம்.

2001-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியிலே பத்துப் பகுதிகளாக வெளிவந்தது ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ எனும் போர்த்தொடர். ஸ்டீவன் ஆம்புரோஸ் 1992-இல் எழுதிய நூலைத் தழுவியது. 101-ஆம் வான்படைப் பிரிவைச் சேர்ந்த ‘ஈசி’ என்ற ஒரு கம்பெனியின் கதை. உண்மையிலே போரிட்ட முதியவர்களே முன்தோன்றிப் பேசுவார்கள். பேசும்போது கண் கலங்குவார்கள், பார்ப்போரும் கலங்குவர். நானும் கலங்கினேன், அதை மறைப்பானேன்? போரைப் பரணி பாடிப் புகழாமல், அச்சமும் பசியும் உறைபனியும் மனிதனை என்ன பாடு படுத்தும் என்று காட்டிய நல்ல முயற்சி அது.

அதன் ஆறாம் பகுதி பாஸ்டோன் முற்றுகை. அங்கே ரெனே வருகிறார், தம் சொந்தப் பெயருடன். கம்பெனியின் மருத்துவ உதவியாளன் யூஜின் ரோ அவரிடம் மருந்து கேட்டு வருகிறான், இருவரும் உரையாடுகிறார்கள், சாக்லேட்டைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இறுதியிலே இடிபாட்டுக்கு நடுவே அவருடைய தலைத்துணியைக் கண்டெடுத்து நிற்கிறான் ரோ. உருக்கமான காட்சி! ஆனால் இருவரும் சந்தித்ததற்குச் சான்று இல்லை. ரெனே பணிபுரிந்தது வேறொரு பிரிவின், பத்தாம் கவசப் படைப் பிரிவின், மருத்துவ நிலையத்திலே.

அகஸ்டாவும் வருகிறார், வருகிறார் என்பதைவிடக் கடந்து செல்கிறார் என்பதே பொருந்தும். சில கணங்கள், சில சொற்கள். பெயரோ அகஸ்டா அன்று, ‘அன்னா’!

“கதைதானே ஐயா! கற்பனைக்குக் கடிவாளம் போடலாமா?” என்று கேட்பீர்கள். கற்பனைக்கு எவரும் கடிவாளம் போடவில்லை. கதை என்று சொல்லிக் கதை சொல்பவனிடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமை இல்லை. ஆனால், ‘இது நடந்தது, இவர்கள் வாழ்ந்தார்கள்’ என்று முத்திரை குத்திக் கொடுப்பவன் கடன்காரன். அவன் காட்டும் ஒவ்வொரு மனிதருக்கும் அவன் கடன்பட்டவன்.

கடன் எத்தகையது என்பதற்கு ஆல்பர்ட் பிளைத்தைப் பாருங்கள். மூன்றாம் பகுதியிலே அச்சத்தால் கண்ணொளி இழந்து நடுங்கும் வீரன் அவன். காயம்பட்டு வீழ்கிறான். அந்தக் காயத்திலிருந்து அவன் மீளவே இல்லை, 1948-இல் இறந்தான் என்று எழுத்திலே அறிவித்தது தொடர். உண்மை என்ன? பிளைத் மீண்டார், படையிலேயே தொடர்ந்தார், கொரியப் போரிலும் பணியாற்றினார், 1967 டிசம்பரில்தான் மறைந்தார். உயிரோடு இருந்தவரைப் பத்தொன்பது ஆண்டுகள் முன்னதாகவே புதைத்துவிட்டது எழுத்தாணி! தீய எண்ணம் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். பழைய தோழர்களே அப்படித்தான் நம்பியிருந்தனர். ஆயினும் படைத்துறை ஏட்டைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஏன் புரட்டவில்லை? அஞ்சியவன் அழிந்தான் என்பது கதைக்குப் பொருத்தமாக இருந்தது. பொருத்தமாக இருப்பதை எவரும் சோதிப்பதில்லை.

பிளைத்துக்கு நேர்ந்தது பிழை, எவருக்கும் நேரக்கூடியது. அகஸ்டாவுக்கு நேர்ந்ததும் அவ்வளவுதானா?

அந்த நாளைய அமெரிக்கப் படையை நினைத்துப் பாருங்கள். வெள்ளையருக்கு ஒரு படை. கறுப்பருக்குத் தனிப் படை. குருதி தரக் கறுப்பர் வந்தபோது 1941-இல் மறுத்தது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம். 1942-இல் வாங்கிக்கொள்ள இசைந்தது. ஆனால் தனியே வைத்து, தனியே சீட்டு ஒட்டியது. 1950 வரை நீடித்தது இந்தக் கூத்து. இட்லரின் இனவெறியை ஒழிக்கப் புறப்பட்ட படை, தன் குருதிப் புட்டியிலே இனம் பார்த்தது! இதற்கு நம் மொழியிலே தீண்டாமை என்று பெயர். பாஸ்டோனிலும் அது படுத்திருந்தது. சாவின் விளிம்பிலே கிடந்த சிலர், கறுப்புக் கை தங்கள்மீது படக்கூடாது என்றார்களாம். அப்படியானால் சாகவேண்டியதுதான் என்ற பொருள்பட மருத்துவர் பிரையர் விடை தந்தார் என்பர்.

அதே நகரை 969-ஆம் பீரங்கிப் படையினர் காத்தனர். கறுப்பின வீரர்களைக் கொண்ட படை அது. 101-ஆம் பிரிவுடன் தோளோடு தோள் நின்றதற்காகச் சிறப்புப் படைப் பாராட்டும் பெற்றது. தொடரிலே அவர்களுக்கு இடமில்லை.

“ஒரு கம்பெனியின் கதை அது, அவர்கள் கண்டதைத்தானே காட்டமுடியும்?” என்று ஒரு நண்பர் வாதிட்டார். நேர்மையான வாதம்; நானும் சற்றுத் தயங்கினேன். 101-ஆம் பிரிவே வெள்ளையர் பிரிவுதான். ஆனால் ரெனேயை அந்தக் கம்பெனி கண்டதா? காணவில்லையே! காணாதவரைக் கொண்டுவரக் கற்பனைக் கதவைத் திறந்தார்கள் அல்லவா? ஒருவருக்குத் திறந்த கதவு அடுத்தவருக்கு ஏன் அரைவாசி மட்டும் திறந்தது? இறந்தவர் கதைக்கு அழகு என்பார்கள். அகஸ்டாவும் அந்தக் குண்டுவீச்சிலே இறந்துவிட்டார் என்றுதானே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர்! ஒரே சாவு என்று எண்ணப்பட்டபோதும் ஒருவருக்குப் பெயர் நின்றது, மற்றவருக்கு நிற்கவில்லை. மறதிக்கும் சாதி உண்டு, தோழரே! அது எவரையும் வெறுக்காது, ஏசாது. தேடாமல் இருந்துவிடும், அவ்வளவே. ரெனேயின் தொண்டிலே ஒரு துளியையும் நான் குறைக்கவில்லை; உயிரையே கொடுத்தவர் அவர்.

தேடியவரும் ஒருவர் இருந்தார். மார்ட்டின் கிங் என்ற பிரிட்டன் நாட்டு வரலாற்றாசிரியர் அகஸ்டாவைத் தேடி, பெல்ஜியத்து முதியோர் இல்லம் ஒன்றிலே கண்டுபிடித்தார். போரைப் பற்றிப் பல்லாண்டுகள் வாய் திறவாமல் வாழ்ந்திருந்தார் அந்த அம்மையார். 2011-இல் பெல்ஜிய அரசு அவருக்கு வீரப் பட்டம் அளித்தது. அமெரிக்கப் படையும் விருது தந்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறு. 2015 ஆகஸ்டில் மறைந்தார். தொடரின் ஆறாம் பகுதியைப் பார்ப்போருக்கு அவர் இன்றும் ‘அன்னா’தான்.