பிடிக்கத் தெரியும், விடத் தெரியாது

ஐந்து மாதக் குழந்தை தன் கைக்குள் எது வந்தாலும் இறுக்கிக்கொள்ளும். பிடித்ததை வேண்டுமென்றே விரல் விரித்து விடுவது ஒன்பது, பத்து மாதத்துக்கு மேல்தான் மெல்லக் கைகூடுகிறது. இடையில் உள்ள மாதங்களில் அம்மாவின் முடி அந்தக் கையில் சிக்குகிறது. அவள் அலறித் தலையை இழுக்கிறாள். பிடி இன்னும் இறுகுகிறது.

பால் குடிக்கும்போது கடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். உறிஞ்சிக் குடிக்கும்வரை நாக்கு கீழ் ஈறை மூடியிருப்பதால் கடிக்க வழியில்லை. பால் வரத்து குறைந்த பிறகோ, வயிறு நிறைந்து விளையாட்டு தொடங்கிய பிறகோதான் கடி விழும். பல் முளைக்கிற ஈறு நமநமக்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம். வலி நிஜம், கடித்ததும் நிஜம். "வேணும்னே கடிக்கிறான்" என்பது மட்டும் நாம் சேர்த்தது.

அந்தச் சேர்க்கையைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

*

ஃபுளோரன்ஸ் குட்இனஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் சிறு குழந்தைகளின் கோபம் பற்றி 1931இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். குழந்தை எப்போது சீறியது, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்று தாய்மார்களையே தினமும் எழுதி வைக்கச் சொன்னார். இரண்டாம் வயதில்தான் கோபம் உச்சத்தில் இருந்தது. நாளில் பார்த்தால் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பு அதிகம். உடம்பு சரியில்லாத நாட்களில் இன்னும் அதிகம். பாட்டிகளுக்கு இது புதிய செய்தி இல்லை. ஆனால் எழுதி வைத்த தாய்க்கு ஒரு லாபம் இருந்திருக்கும்: கோபத்துக்கு முந்தைய கால் மணி நேரத்தை அவள் திரும்பிப் பார்த்தாக வேண்டியிருந்தது.

கனடாவின் ரிச்சர்ட் ட்ராம்ப்ளே இன்னும் தூரம் போனார். குழந்தைகள் அடிதடியைத் தெருவிலும் திரையிலும் பார்த்துக் கற்கிறார்கள் என்பது பொது நம்பிக்கை. அவர் வயதைப் பின்னோக்கிக் கொண்டே போய்ப் பார்த்தபோது, கையால் காலால் தாக்குவது மிக அதிகமாக இருக்கும் பருவம் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் என்று தெரிந்தது. பிறகு பெரும்பாலோரிடம் அது இறங்குகிறது. அப்படியானால் அடிக்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை; அடிக்காமல் இருக்கத்தான் பழக்க வேண்டியிருக்கிறது. 2017இல் இவருக்குக் குற்றவியலுக்கான ஸ்டாக்ஹோம் பரிசு கிடைத்தது. தொட்டில் பருவத்தைப் பற்றிய வேலைக்குக் குற்றவியல் பரிசு!

*

சிலரிடம் மட்டும் இந்த அடிதடி இறங்குவதில்லை. அது எங்கே தொடங்குகிறது?

வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் டேல் ஹே குழுவினர், முதல் குழந்தைக்குக் காத்திருந்த 332 தாய்மார்களைக் கர்ப்ப காலத்திலேயே சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் அதன் சீற்றத்தைப் பற்றி தாயிடமும் தந்தையிடமும், அதை நன்கறிந்த வேறொருவரிடமும் கேட்டார்கள். ஒரு வயது ஆனபோது, ஆய்வகத்திலேயே பிறந்தநாள் விழா போல ஒன்றை ஏற்பாடு செய்து, சக குழந்தைகளோடு விளையாட விட்டுக் கவனித்தார்கள். மற்ற குழந்தைமேல் பலத்தைக் காட்டிய குழந்தைகளின் பின்னணியில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன: கர்ப்ப காலத்தில் தாய்க்கு இருந்த மனச்சோர்வு, அவளே சிறுவயதில் அடங்காதவளாக இருந்த வரலாறு.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, எல்லாம் அம்மாவால்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். அவசரம் வேண்டாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதில் ரத்தத்தோடு வரும் சுபாவமும் உண்டு. ஓயாமல் அழுகிற குழந்தை, தூக்கமில்லாத தாயின் மனதில் சில எண்ணங்களைத் தானே விதைக்கிறது. அந்த எண்ணங்கள் திரும்ப அவள் கையில், குரலில் இறங்குகின்றன. எந்தப் பக்கம் முதலில் என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு.

டொனால்ட் வின்னிகாட் 1949இல் வெளியான ஒரு கட்டுரையில், தாய் தன் குழந்தையை வெறுப்பதற்கான காரணங்களைப் பதினெட்டு வரை அடுக்கினார். அவர் குழந்தை மருத்துவர், அதனால் கூச்சமில்லாமல் எழுத முடிந்தது. தாய்மையைக் கோயிலாக்கிவிட்ட நமக்கு அந்தப் பட்டியல் சங்கடம் தரும். தரட்டும்.

*

எலிசபெத் மீன்ஸ் என்ற ஆங்கிலேய உளவியலாளர் ஆறு மாதக் குழந்தையோடு தாய் விளையாடும்போது பேசுவதைப் பதிவுசெய்து, குழந்தையின் மனதைப் பற்றி அவள் சொல்லும் வாக்கியங்களை எண்ணினார். அவற்றை இரண்டாகப் பிரித்தார்: குழந்தை இருக்கும் நிலையோடு பொருந்துபவை, பொருந்தாதவை. பொம்மையோடு லயித்திருக்கும் குழந்தையிடம் "அலுத்துப்போச்சா, வேற வேணுமா" என்றால் அது இரண்டாவது வகை.

எனக்கு இந்தப் பிரிவினைதான் முக்கியமாகப் படுகிறது. பிள்ளையின் மனதைப் பற்றி நிறைய யோசிக்கும் தாய் நல்ல தாய் என்று நினைத்துக்கொள்கிறோம். "வீம்பு பிடிக்கிறான்", "என்னை ஆழம் பாக்கிறா", "அப்படியே அவங்க அப்பன் கோபம்" எல்லாமும் மனதைப் பற்றிய யோசனைதானே. எட்டு மாதத்தில் வீம்பு ஏது? விழுந்த குழந்தையைச் சமாதானப்படுத்த நாம் தரையையே ஓர் அடி அடிக்கிறோம். தரைக்கே எண்ணம் இருப்பதாகக் காட்டிப் பழி வாங்குகிற வீடுகளில், கடித்த குழந்தைக்கு எண்ணம் கற்பிக்காமல் இருப்பது லேசில்லை. அதே வீட்டில்தான் "மாமாவை ஒரு அடி அடி" என்று சொல்லி, அடித்ததும் எல்லோரும் கைதட்டுவதும். மறுநாள் அதே அடிக்குக் கண்டிப்பு.

*

கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் டாஃப்னி புகென்டால் செய்த சோதனை 2002இல் வெளியானது. நெருக்கடியில் இருந்த குடும்பங்கள். பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான உதவி மட்டும். இன்னொரு பிரிவினரை வீட்டுக்கே போய்ப் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். மூன்றாம் பிரிவினரிடம் அதே வீட்டு வருகையோடு ஒரு கேள்வியும் சேர்ந்தது: இந்தப் பிரச்சினை ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள்? "அவன் கெட்ட பிள்ளை" என்றால், வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று மறுபடி கேட்பார்கள். "நான்தான் சரியில்லை" என்றாலும் அப்படியே. பிள்ளையையும் தன்னையும் குற்றம் சொல்லாத ஒரு காரணத்துக்குத் தாய் வந்து சேரும்வரை கேள்வி நிற்காது. பிறகு, என்ன செய்து பார்க்கலாம் என்பதையும் அவளே சொல்ல வேண்டும். அடுத்த முறை வரும்போது, செய்து பார்த்தீர்களா, பலித்ததா என்று விசாரிப்பார்கள்.

முதல் வருட முடிவில் குழந்தை உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்ட குடும்பங்கள் முதல் பிரிவில் 26 சதவீதம், இரண்டாவதில் 23, மூன்றாவதில் 4. பிறக்கும்போதே உடல்நலக் குறையோடு இருந்த குழந்தைகளுக்கு, அதாவது அதிகம் அழுது அதிகம் அலைக்கழிப்பவர்களுக்கு, பலன் இன்னும் கூடுதலாக இருந்தது.