ஆயாவின் கை



ஆயா நம்மை விட்டுப் போய் இன்றோடு முப்பது நாள். ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் பங்கின் பழைய பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் கோட்டைக்குப்பத்திலிருந்து லைட்ஹவுஸ் குப்பம் வரை எல்லாருக்கும் அவர் ஆயாதான். நானும் அப்படியே சொல்கிறேன்.

நான் பழவேற்காட்டுக்கு வந்த முதல் ஞாயிறு. திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி ஒரு வயதான அம்மா என்னிடம் வந்தார். முடிச்சில் ஆறு நாணயங்கள். திங்கள் முதல் சனி வரை, தினமும் முதல் போணியில் ஒரு காசை எடுத்து மகிமை மாதாவுக்கென்று முடிந்து வைப்பாராம். என் கையில் வைக்கும்போது சொன்னார்: “வாடை அடிக்கும் சாமி. புளி போட்டுக் கழுவிட்டுத்தான் கொண்டாந்தேன்.”

“பரவாயில்லை ஆயா” என்றேன். அந்தப் பதில் இன்றுவரை என்னை உறுத்துகிறது. பரவாயில்லை என்பது, ஒரு குறையைப் பொறுத்துக்கொள்கிறவன் சொல்லும் சொல். அவரிடம் நான் பொறுத்துக்கொள்ள என்ன குறை இருந்தது?

ஆயாவின் கணவர் கடலில் இறந்தபோது கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. நம் பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு, உங்களுக்குத் தெரியும். எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிக்கலாம் என்று சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ள முன்னோர் கண்ட நல்ல வழி. அதில் வருவது ஆண்களின் பெயர். அன்னக்கூடையில் மீன் தூக்கி விற்கும் பெண்ணுக்கு முறையும் கிடையாது, சீட்டும் கிடையாது. விடியுமுன் கரையில் நிற்க வேண்டும். ஏலத்தில் குரல் கொடுக்க வேண்டும். கையில் காசில்லாத நாளில் வட்டிக்கு வாங்கியாவது கூடையை நிரப்ப வேண்டும். பிறகு பொன்னேரிக்குப் பேருந்து. மடவை, இறால், நண்டு, கிழங்கான். விற்காததைச் சாயங்காலம் உப்பில் போட்டுக் கருவாடாக்க வேண்டும். ஏறக்குறைய ஐம்பது வருடம் இதுதான் அவருடைய நாள்.

எண்பத்தாறு வயது வரை இந்தக் கரையை விட்டு அவர் அதிகம் வெளியே போனதில்லை; உலகம்தான் அவர் இருக்கும் இடத்துக்கு வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1980இல் ரோகிணி ஏறிப் போனதையும், 2023இல் சந்திரயான்-3 போனதையும் இதே மணலில் நின்று பார்த்தவர். ஏவுதல் நாட்களில் படகு போகக்கூடாது என்பதால், “ராக்கெட்டு போற நாளு போணி இல்ல” என்பார். ஆனாலும் அண்ணாந்து பார்த்துச் சிலுவை அடையாளம் போடுவார். முகத்துவாரம் மணலால் அடைபட்டு, கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வராமல் போன வருடங்களை, எந்த அதிகாரிக்கும் முன்னால் அவருடைய கூடைதான் கண்டுபிடித்தது.

2004ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. கடல் குப்பங்களுக்குள் வந்தது. படகு, வலை, பிழைப்பு எல்லாம் போனது. ஆயா வீட்டு அடுப்பில் அன்றிரவே பெரிய பானை ஏறியது. யார் வந்தாலும் ஒரு குவளை கஞ்சி, தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு. எத்தனை நாள் கொடுத்தார் என்று அவர் மகனைக் கேட்டேன். “அரிசி தீர்ற வரைக்கும் சாமி” என்றார்.

இப்படிப்பட்ட ஒரு கை ஏன் தன் வாடைக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? கேட்கும்படி நாம் பழக்கியிருக்கிறோம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்த அதே 2021இல், டிசம்பர் மாதம், குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு முதிய தாயை, மீன் வாடை வீசுகிறதென்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் அந்தத் தாய் அழுது நியாயம் கேட்டதைக் காணொலியில் நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் மீது நடவடிக்கை வந்தது. நல்லது. ஆனால் காணொலியில் பதிவாகாத தாய்மார்கள் எத்தனை பேர்! நம் ஆயாவும் பலமுறை இறங்கி அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தவர். வீட்டில் வந்து ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது நற்செய்திக்கு வாருங்கள். யோவான் 21ஆம் அதிகாரம். திபேரியக் கடல் என்று பெயர், ஆனால் அது ஏரிதான், நம் பழவேற்காட்டைப்போல. இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காத ஏழு பேர். அவர்களில் தோமாவும் உண்டு, மரபுப்படி நம் மயிலையில் அடக்கமான அதே தோமா. விடிகிறது. கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொன்னபடி வீசுகிறார்கள், 153 பெரிய மீன்கள். நாம் பெரும்பாலும் அந்த எண்ணிலேயே நின்றுவிடுகிறோம். மேலே படியுங்கள். அவர்கள் கரைக்கு வந்து பார்க்கும்போது கரிநெருப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் மீன் வைக்கப்பட்டிருக்கிறது. அப்பமும் இருக்கிறது. பசியோடு வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, தம் கையால் எடுத்துக் கொடுக்கிறார்.

சாவை வென்றவர் அந்தக் காலையில் செய்தது, நம் கரையில் ஒரு தாய் செய்கிற வேலை. நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, கையால் பரிமாறினார். ஆணித் தழும்புள்ள அந்தக் கையில் அன்று மீன் வாடை இருந்தது. மீன் சுட்டவர் யாருக்கும் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போன மாதம் ஆயாவுக்கு நோயில்பூசுதல் கொடுக்கப் போனேன். நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டுக் கையை நீட்டச் சொன்னேன். போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். மெல்லிய குரலில், “கை நாறும் சாமி” என்றார். அவர் மீனைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நானே கையை எடுத்துப் பிரித்தேன். உள்ளங்கையில் கெளிறு முள் ஏறி ஆறிய வெள்ளைத் தழும்புகள். விரலிடுக்கில் உப்பு அரித்த வெடிப்புகள். வலது சுட்டுவிரல் நேராக நிமிரவில்லை. கூடை விளிம்பைப் பிடித்தே வளைந்துபோனது. கப்பர்நாகுமில் மீனவர் வீடொன்றில் காய்ச்சலாய்க் கிடந்த பேதுருவின் மாமியாரை ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கினார் என்று மாற்கு எழுதுகிறார். அந்த அம்மாவின் பெயரும் நற்செய்தியில் இல்லை. கையைப் பிடித்ததுதான் எழுதப்பட்டிருக்கிறது.

முதல் ஞாயிறு சொல்லத் தவறியதை அன்று சொன்னேன்: “ஆயா, இயேசு சாமி கையும் இப்படித்தான் இருந்துச்சு.” அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையையும் விரித்து நீட்டினார்.

இந்த ஊரில் டச்சுக்காரர் கல்லறைகளில் முந்நூறு வருடத்துக்கு மேலான பெயர்கள் கல்லில் அழகாக வெட்டப்பட்டிருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். ஆயாவின் குழிமேல் மணலும் ஒரு மரச்சிலுவையும் இருக்கின்றன. பிள்ளைகளே, கல் வைக்க வசதி வரும்போது வையுங்கள். அதற்கு முன், நாளைக்குப் பொன்னேரிப் பேருந்தில் கூடையோடு ஒரு அம்மா ஏறினால் எழுந்து இடம் கொடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.

சற்று நேரத்தில் காணிக்கைப் பவனி. அப்பமும் இரசமும் வரும்போது ஆயாவின் பேத்தி அவருடைய அன்னக்கூடையில் அரிசி ஏந்தி வருவாள். புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவரட்டுமா என்று நேற்றுக் கேட்டாள். வேண்டாம், அப்படியே கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.

எழுந்து நிற்போம். ஆயாவுக்காக மன்றாடுவோம்.