கரைந்தது அழிந்ததன்று

நீரில் இட்ட உப்பு சற்று நேரத்தில் கண்ணுக்குப் புலப்படாது போகிறது. நீர் மூலக்கூறுகள் உப்பின் சோடியம், குளோரைடு அயனிகளைப் பிரித்தெடுத்துச் சூழ்ந்துகொள்வதே கரைதல். உப்பு மறைகிறது, அதன் எடையில் ஓர் அணுவும் குறைவதில்லை.

அறவாழ்வில் இவ்வுண்மையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பாடியை அடுத்த கொரட்டூர் ஏரியில் வீட்டுச் சாக்கடை நீரும் ஆலைக் கழிவும் கலந்தது குறித்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. இத்தனை பெரிய ஏரியில் நம் ஒரு வாளிக் கழிவு என்ன செய்துவிடும் என்பதே ஒவ்வொருவரின் வாதம். பலரிடையே பங்கிடப்பட்ட குற்றம் எவருடையதுமன்று என எண்ணுகிறோம். ஆனால், மணலைத் தடுக்கும் வடிதுணி கரைந்ததைத் தடுப்பதில்லை. அது நிலத்தடிக்கு இறங்கிக் கிணற்று நீரில் கலக்கிறது.

குடிநீரில் கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டாதிருப்பது நன்று என்பது இந்தியத் தர அளவு. வசதியுள்ள நாம் சுத்திகரிப்புக் கருவி வாங்குகிறோம். அக்கருவியும் உப்பை அழிப்பதில்லை. செறிந்த கழிவுநீராக்கி வெளியே தள்ளுகிறது. கருவி வாங்க இயலாதவர் பருகுவது, கரைந்து போயிற்று என்று நாம் நிம்மதி கொண்ட நம் பங்கையே.